முனையில் நெரியும் கூட்டத்தைக் குமரி முழுக்கப் பரப்புவது எப்படி? புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. விடியுமுன் கன்னியாகுமரி முனையின் முக்கடல் சங்கமத்தில் நிற்க இடமிருக்காது. எட்டு மணிக்குப் படகுத்துறை வரிசை தெருவை எட்டிவிடும். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டுப் பாதிப் பேர் ராமேஸ்வரத்துக்கோ திருவனந்தபுரத்துக்கோ வண்டி ஏறியிருப்பார்கள். அதே நாளில் உதயகிரிக் கோட்டைக்குள் திருவிதாங்கூர்ப் படையின் டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையை எட்டிப்பார்க்க ஆளிருக்காது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

சுமார் 1,670 சதுர கிலோமீட்டர் மாவட்டம் இது. குடிநீர், குப்பை, சாக்கடை, பார்க்கிங் என்று எல்லாப் பாரமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கடற்கரையில் போய் விழுகிறது. 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். பாலம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முனைக்கு வர இன்னொரு காரணத்தைத்தான் அது கொடுத்தது. கூட்டத்தை வேறெங்கும் அனுப்பவில்லை.

வீட்டு மாடியில் ஹோம்ஸ்டே தொடங்க நினைப்பவர், புதிதாக டூரிஸ்ட் வண்டி எடுத்தவர், பலகாரம் போடும் மகளிர் குழு, ஊராட்சி உறுப்பினர் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன். “எங்க ஊருக்கும் ஆள் வரணும், ஆனா ஊர் கெடக் கூடாது” என்பவர்களுக்கு முதலில் வேண்டியது விளம்பரப் பலகை இல்லை. வருகிறவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்டு மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. “அருவி பிடிக்குமா?” என்றால் யார்தான் இல்லை என்பார்கள்? அந்த அருவிக்காக அவர் எதை விடத் தயார், ஒரு மணி நேரத் தூக்கத்தையா, படகுச் சவாரியையா, மதியச் சாப்பாட்டையா என்று பார்த்தால்தான் விருப்பத்தின் எடை தெரியும். கன்னியாகுமரிக்கு வருபவர் கையில் பணத்தைவிட நேரம்தான் குறைவு. இனி வரும் எல்லாப் படியிலும் இதை மனதில் வையுங்கள்.

1. கேட்குமுன் எண்ணுங்கள்

ஒரு நோட்டு, ஒரு பேனா, நிழலான ஓர் இடம் போதும். நீங்கள் ஆள் வரவழைக்க நினைக்கும் இடத்துக்கும் முனைக்கும் இடையில் வண்டிகள் நிற்கும் ஒரு திடலைத் தேர்ந்தெடுங்கள். காலை, மதியம், சாயங்காலம் என மூன்று வேளை, வேளைக்கு ஒரு மணி நேரம் நின்று வண்டிகளின் நம்பர் பிளேட்டை எழுதுங்கள். கே.எல். என்றால் கேரளம். டி.என். 74, 75 என்றால் நம்ம மாவட்டம். டி.என். 72 என்றால் திருநெல்வேலி. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா வண்டிகளைத் தனியாகக் குறியுங்கள். முழு எண் வேண்டாம், முதல் எழுத்துகள் போதும். பிளேட்டுக்குப் பக்கத்தில் மூன்று விஷயம்: வந்த நேரம், போன நேரம், இறங்கியவர்களில் வயதானவரோ கைக்குழந்தையோ உண்டா என்பது.

வேலை நாளில் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை செய்தாலே ஒரு படம் கிடைக்கும். சீசனில் ஒருமுறை, சீசன் இல்லாதபோது ஒருமுறை செய்தால் இன்னும் தெளிவு.

உள்ளூர் வண்டிகளை “நம்ம ஆளுதானே” என்று தள்ளிவிடாதீர்கள். ஞாயிறு மாலை சங்குத்துறையிலும் சொத்தவிளையிலும் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்னும் நாகர்கோவில் குடும்பமும் சுற்றுலாப் பயணிதான். சீசன் பார்க்காமல் ஆண்டு முழுக்க வருவது அவர்கள்தான்.

இதில் இரண்டு நாட்கள் பொன்னான நாட்கள். ஒன்று, கடல் நீர்மட்டம் தாழ்ந்தோ அலை சீறியோ படகுப் போக்குவரத்தை நிறுத்தும் நாள். பாறைக்குப் போக வந்தவர்கள் அன்று கையில் மூன்று மணி நேரத்தோடு நிற்பார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள்? வட்டக்கோட்டைக்கா, சுசீந்திரத்துக்கா, கடைத்தெருவுக்கா, அறைக்குத் திரும்பியா? எந்தக் கேள்வித்தாளும் தராத பதில் அது. இரண்டாவது, திங்கட்கிழமை. பத்மநாபபுரம் அரண்மனை கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது, திங்களன்று மூடியிருக்கும். அது தெரியாமல் தக்கலை வரை வந்துவிட்ட கார்கள் கேட்டுக்கு முன்னால் திரும்பி எந்தப் பக்கம் போகின்றன என்று நின்று பாருங்கள். பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லக்கூட அங்கே ஆள் இருப்பதில்லை.

2. யார், எந்தப் பக்கமிருந்து, எத்தனை மணி நேரத்தோடு

பயணிகளை வயது, வருமானம் என்று பிரிப்பது கல்லூரிப் பாடத்துக்குச் சரி. நம் வேலைக்கு, வரும் திசையும் கையிலிருக்கும் மணிகளும் போதும்.

கார்த்திகை ஒன்று முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப சாமிகள். சபரிமலை முடித்துத் திருவனந்தபுரம் வழியாக வருபவர்கள் களியக்காவிளையில் நம் மாவட்டத்துக்குள் நுழைந்து மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் கடந்துதான் முனைக்குப் போகிறார்கள். அதாவது திருவட்டாறுக்குத் திரும்பும் சாலையும் பத்மநாபபுரமும் கன்னியாகுமரிக்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. முனைக்கு வந்தபின் “திருவட்டாறு போங்க” என்று சொல்லிப் பயனில்லை. வந்த வழியே யாரும் திரும்பமாட்டார்கள். களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ சொல்ல வேண்டும். அவர்கள் தேடுவதும் பெரிதாக ஒன்றுமில்லை: குளிக்கத் தண்ணீர், பஸ் நிறுத்தி அடுப்பு மூட்ட இடம், சுத்த சைவம், ஒரு கோயில். இந்த நாலும் இருக்கும் ஊரில் பஸ் தானாக நிற்கும்.

மதுரை, திருநெல்வேலி பக்கமிருந்து வருகிறவர் காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் நேரே முனைக்கு இறங்கிவிடுவார். அவரை மலையோரக் கோதையாற்றுப் பக்கம் இழுப்பது கடினம். வட்டக்கோட்டை, சுசீந்திரம் போன்ற பக்கத்து இடங்கள்தான் அவருக்குச் சரிவரும்.

ரயிலில் வரும் வட இந்தியக் குடும்பங்கள் வேறு ரகம். திப்ருகரிலிருந்து வரும் விவேக் எக்ஸ்பிரஸ் சுமார் 4,200 கிலோமீட்டர் ஓடி இங்கே வந்து நிற்கிறது. அத்தனை தூரம் வந்தவருக்கு முனை என்பது நேர்ந்துகொண்ட மாதிரி. அதை விடச் சொல்லவே கூடாது. உதயம், படகு, பகவதி அம்மன் தரிசனம் மூன்றையும் முடிக்கவிட்டு மிச்சமிருக்கும் அரை நாளைப் பற்றி மட்டும் பேசுங்கள். சொந்தக் காரில் வரும் கேரளக் குடும்பத்துக்கோ முனைமேல் அவ்வளவு மோகம் இல்லை. திற்பரப்பு அருவியில் குளித்து, மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்து, மீன்கறியோடு சாப்பிட்டு, இருட்டுமுன் எல்லை தாண்டிவிடுவார்கள். அவர்களை இடம் மாற்றத் தேவையில்லை. நேரம் மாற்றினால் போதும்; ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு அருவியடியில் நெரிவதைவிடக் காலை எட்டரைக்கு வந்தால் தண்ணீரும் கிடைக்கும், இடமும் கிடைக்கும்.

காஷ்மீரிலிருந்து பைக்கிலும் சைக்கிளிலும் வந்து இங்கே முடிக்கிறவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு போட்டோ எடுத்தபின் அவர்களுக்கு வேண்டியது அருவி இல்லை. துணி துவைக்கவும், செயினைத் துடைத்து எண்ணெய் போடவும், இரண்டு நாள் தூங்கவும் இடம் வேண்டும். கூட்டமில்லாத ஒரு கடற்கரை ஊரில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான விருந்தாளி கிடையாது.

3. இப்போது கேளுங்கள், ஆனால் கேட்கிற விதத்தில்

பெரும்பாலோர் தவறவிடும் படி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், எங்கே கேட்பது? உதயம் பார்க்க நிற்பவரிடம் கேட்காதீர்கள், கடுப்பாவார். வரிசையில் நிற்பவர் வரிசையைத்தான் திட்டுவார். கன்னியாகுமரி ரயில் நிலையத்தில் ரயில் புறப்பட முக்கால் மணி நேரம் இருக்கும்போது நடைமேடையில் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்திருப்பார். பொழுது போகாமலும் இருப்பார். ஊரைவிட்டுப் போகிறவருக்கு முகஸ்துதி செய்யத் தேவையில்லை. உங்கள் ஹோம்ஸ்டே திண்ணையில் காபி கொடுத்துவிட்டுக் கேட்டால் “எல்லாம் சூப்பர்” என்றுதான் வரும். அது மரியாதையில் சொன்ன பதில், விருப்பம் இல்லை.

யாரிடம் கேட்பது? சிரித்த முகத்தைத் தேடிப் போகாதீர்கள். ஐந்தாவது பெஞ்சு, பத்தாவது பெஞ்சு என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அங்கே யார் இருந்தாலும் கேளுங்கள். குடும்பமாக இருந்தால் முதல் பதில் ஆண்களிடமிருந்து வரும். அதை வாங்கிக்கொண்டு, கூட வந்த பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். “எல்லாம் வசதிதான்” என்று அண்ணன் சொல்லியிருப்பார். “பாத்ரூம் இல்லைன்னு மத்தியானத்துல இருந்து தண்ணியே குடிக்கல” என்று அந்தம்மா சொல்வார். ஓர் இடத்துக்கு ஆள் வருவதும் வராததும் பல சமயம் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

என்ன கேட்பது? நாலு கேள்வி போதும்.

“பார்க்கணும்னு நினைச்சு, பார்க்காம விட்டது எது? ஏன்?”

“நாலு மணி நேரம் கூடுதலா கிடைச்சிருந்தா என்ன செய்திருப்பீங்க?”

“எந்த இடத்துல, இவ்வளவு நேரம் இங்க செலவழிச்சிருக்க வேண்டாமேன்னு தோணிச்சு?”

“உங்க வீட்டுப் பெரியவங்க அடுத்த மாசம் வந்தா என்ன சொல்லி அனுப்புவீங்க?”

கடைசிக் கேள்வி கெட்டிக்காரக் கேள்வி. தன் வாயால் குறை சொல்லத் தயங்குகிறவர்கூட, சொந்தக்காரருக்குப் புத்தி சொல்லும்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்.

அடுத்து அட்டை விளையாட்டு. கல்யாணப் பத்திரிகை அளவில் இரண்டு அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு படம், கீழே நாலே விவரம்: போக வர எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு, சுத்தமான கழிப்பறை உண்டா, அவர்களுக்குப் பழகிய சாப்பாடு கிடைக்குமா. “இரண்டில் எது?” என்று மட்டும் கேளுங்கள். முதல் ஜோடியில் முட்டம் கடற்கரையும் வட்டக்கோட்டையும் இருக்கட்டும். அடுத்தவரிடம் அதே ஜோடியை நீட்டும்போது ஒரே ஒரு விவரத்தை மாற்றுங்கள். முட்டம் அட்டையில் “கழிப்பறை உண்டு” என்பதை “இல்லை” ஆக்குங்கள். எத்தனை பேர் கட்சி மாறுகிறார்கள் என்பதுதான் கழிப்பறையின் எடை. இரண்டு விவரத்தை ஒன்றாக மாற்றினால் எதனால் மாறினார்கள் என்று தெரியாமல் போகும். ஆராய்ச்சியாளர்கள் பெரிய பெயர் வைத்துக் கணினியில் செய்வதன் நாட்டுமுறை வடிவம் இது. முப்பது நாற்பது பேரிடம் செய்தாலே எது பாரமான விஷயம், எது சும்மா என்று பிடிபடும். மாவட்டத்துக்கே கொள்கை வகுக்க இது போதாது. உங்கள் ஊர்க் கழிப்பறைக்கு முதலில் செலவழிப்பதா, வரவேற்பு வளைவுக்கா என்று முடிவெடுக்கத் தாராளமாகப் போதும்.

அட்டைகளை இந்தியிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர், போன் நம்பர் கேட்காதீர்கள். கேட்ட உடனே விற்க வந்த ஆள் ஆகிவிடுவீர்கள்.

ரயில் நிலையத்துக்குப் போக முடியாதவர் கூகுள் மேப்ஸில் போய் மூன்று நட்சத்திர விமர்சனங்களை மட்டும் படிக்கலாம். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் சந்தோஷத்திலும், ஒன்று கொடுத்தவர் கோபத்திலும் எழுதியிருப்பார். மூன்று கொடுத்தவர்தான் எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று உட்கார்ந்து எழுதுவார். மொழிவாரியாகப் பிரித்துப் படியுங்கள். ஒரே அருவியில் மலையாளி திட்டுவது பார்க்கிங்கை, தமிழர் திட்டுவது உடைமாற்றும் அறையை என்று தெரியவரும்.

4. ஓட்டுநரின் விருப்பம்

இதை எந்த அரசு அறிக்கையும் எழுதாது. வெளியூர்க்காரர் எங்கே போகிறார் என்பதில் பாதியைத் தீர்மானிப்பது ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்கள். “சார், அங்க ஒண்ணுமே இல்ல” என்ற ஒரு வார்த்தையில் சிதறால் மலையை வரைபடத்திலிருந்து அழித்துவிட முடியும். 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் அங்கே இருப்பதும், அடிவாரத்திலிருந்து கற்பாதையில் ஏற வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாமலில்லை. மலையேறிவிட்டு வரும்வரை வண்டி சும்மா நிற்கும், நிழல் இல்லை, டீக்கடை இல்லை, கமிஷன் தரும் கடையும் இல்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆகவே ஓட்டுநர்களையும் உங்கள் கணக்கில் சேருங்கள். ஸ்டாண்டில் போய் அண்ணாச்சிமாரிடம் கேளுங்கள்: “அண்ணாச்சி, அங்க கூட்டிட்டுப் போகணும்னா உங்களுக்கு என்ன வேணும்?” காத்திருப்புக் கூலி என்பார்கள். வண்டிக்கு நிழல், கை கால் கழுவத் தண்ணீர் என்பார்கள். அடிவாரத்தில் ஒரு குழு டீயும் அச்சுமுறுக்கும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் விற்று, ஓட்டுநருக்கு ஒரு சாப்பாடு இலவசம் என்று வைத்தால், எந்தச் சிப்பிக்கடைக் கமிஷனுக்கும் ஈடாக அது வேலை செய்யும். அந்தச் சிப்பி வியாபாரத்திலும் கவனம் வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சில சங்குவகைகள் இருக்கின்றன. தெரியாமல் விற்றாலும் மாட்டிக்கொள்வோம்.

5. தனி இடமாக விற்காதீர்கள், பல இடங்களை மாலையாகக் கோத்துக் கொடுங்கள்

உள்நாட்டு ஊர்களுக்கு ஆளை அனுப்பும் வித்தையை நம் மாவட்டம் எப்போதோ செய்து காட்டிவிட்டது. மகாசிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்கள். “கோவிந்தா கோபாலா” என்று சொல்லிக்கொண்டு கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சிற்றூர்களின் வழியே ஆயிரக்கணக்கானவர்கள் ஓடியும் நடந்தும் போகிறார்கள். வழியெங்கும் ஊர்க்காரர்கள் கஞ்சியும் பானகமும் மோரும் கொடுக்கிறார்கள். மற்ற நாளில் அந்தக் கோயில்களில் பலவற்றின் பெயர்கூட வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

மக்கள் ஏன் போகிறார்கள்? பன்னிரண்டு என்ற எண் இருக்கிறது, வரிசை இருக்கிறது, முடித்தோம் என்ற நிறைவு இருக்கிறது, வழியில் தாகத்துக்கு ஏற்பாடு இருக்கிறது. உங்கள் திட்டத்திலும் இந்த நாலும் இருக்க வேண்டும். பக்தியைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை, கோக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். “மாத்தூர் தொட்டிப்பாலம் வாங்க” என்றால் பத்து நிமிடத்தில் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுவார். “பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வயலுக்குப் போகும் வழி” என்று கோத்துப் பாருங்கள். 1906இல் முடிந்த அணையில் தொடங்கி, கால்வாய், கீழே பரளியாறு ஓட நூறடிக்குமேல் உயரத்தில் தண்ணீரைச் சுமந்து போகும் தொட்டிப்பாலம், கடைசியில் ஒரு வாழைத்தோட்டம். அங்கே ஒரு சீப்பு மட்டிப்பழம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். சிறுசு, வாசனை உண்டு, ஒருமுறை தின்றவர் ஊருக்கும் வாங்கிப்போவார். அந்தக் காசு நேரே விவசாயி கைக்குப் போகும்.

கோக்கும்போது நேரம் முக்கியம். உதயம் முடிந்து படகு தொடங்க ஒன்றரை மணி நேரம் சும்மா கிடக்கிறது. அந்த இடைவெளிக்கு ஒரு காலைப் பலகாரமும் ஒரு சின்ன நடையும் வைத்தால் எடுபடும். தோவாளைப் பூச்சந்தை அதிகாலை வேலை. படகைவிட்டு உதயத்தை வேறு இடத்தில் பார்க்கச் சம்மதிப்பவருக்கு மட்டும் அதைச் சொல்லுங்கள். பத்மநாபபுரத்தில் நடுவில் உணவு இடைவேளை உண்டு. பன்னிரண்டரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் திட்டு வாங்குவீர்கள். சுசீந்திரம், திருவட்டாறு போன்ற கோயில்களில் ஆண்கள் மேல்சட்டை கழற்ற வேண்டும் என்பதை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் வந்து தெரிந்தால் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுகிறவர் உண்டு.

தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் படகு அடிக்கடி நிற்கும், ஆனால் மலைப்பக்கம் பச்சை. அந்த மாதங்களுக்குத் தனி மாலை கோத்துவையுங்கள். அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள் என்பதால் அருவியை நடுமணியாக வைக்காமல் ஓரமணியாக வையுங்கள்.

6. எங்கே அனுப்பக் கூடாது

பரப்புவது என்ற உற்சாகத்தில் எல்லா இடத்தையும் திறந்துவிடக் கூடாது. சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் ஈரநிலங்களுக்கு 2022இல் சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. வேம்பனூர் 20 ஹெக்டேர்கூட இல்லாத இடம். குளிர்காலத்தில் வரும் கூழைக்கடாவும் நாரையும் பத்து பஸ் ஆட்கள் கரையில் இறங்கிக் கைதட்டினால் அன்றைக்கே எழும்பிவிடும். பறவை பார்க்கத் தெரிந்தவர், ஐந்தாறு பேர், பைனாகுலரோடு, காலையில், இதற்குமேல் வேண்டாம். மணக்குடிக் காயலின் அலையாத்திக் காடும் அப்படியே. காளிகேசம் போன்ற காட்டுப் பகுதிகளுக்கு வனத்துறை சொல்வதுதான் சட்டம். “தெரிஞ்ச ஆள் இருக்கு” என்று உள்ளே கூட்டிப்போகாதீர்கள்.

எத்தனை பேர் தாங்கும் என்று கணக்குப் போட ஒரு எளிய வழி: எது முதலில் தீரும் என்று பாருங்கள். ஒரு கணக்குக்காக, ஒரு குன்றின் அடிவாரத்தில் 15 கார் நிற்கும், ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று வைப்போம். காலை மூன்று மணி நேரத்தில் 30 கார், காருக்கு நாலு பேர் என்றால் 120 பேர். அங்கே கழிப்பறை இரண்டு. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் மூன்று மணி நேரத்தில் 72 பேர்தான் போக முடியும். பார்க்கிங் 120 பேருக்கு இடம் கொடுத்தாலும் அந்த இடத்தின் கொள்ளளவு 72க்குப் பக்கம்தான். மிச்சம் 48 பேர் எங்கே ஒதுங்குவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலையில் பார்க்கிங்கைப் பெரிதாக்குவது கேட்டைத் தேடிக்கொள்வது. குடிநீர், குப்பை அள்ளும் வண்டி வரும் நாள், சாலை அகலம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

ஊரார் சம்மதமும் கொள்ளளவுதான். கடலோர ஊர்களில் தேவாலயத்தின் பங்குப் பேரவையிடமும் மீனவர் சங்கத்திடமும் பேசாமல் எதையும் தொடங்காதீர்கள். வள்ளம் கரையேறும் நேரம், வலை காயப்போடும் இடம், பெண்கள் புழங்கும் இடம் எல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும். போட்டோ எடுக்குமுன் கேட்க வேண்டும் என்பதை விருந்தாளிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

7. கடலைப் பற்றி ஒரு கண்டிப்பு

கூட்டம் குறைந்த கடற்கரைக்கு ஆளை அனுப்பும்போது, காவலர் குறைந்த கடற்கரைக்கும் சேர்த்துத்தான் அனுப்புகிறோம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். நம் கரையில் அடிக்கும் “கள்ளக்கடல்” எங்கோ தொலைவில் தெற்குப் பெருங்கடலில் கிளம்பிய அலை. இங்கே காற்றும் மழையும் இல்லாதபோதே திடீரென்று ஏறும். வெளியூர்க்காரர் கண்ணுக்குக் கடல் அமைதியாகத்தான் தெரியும். கடல் நிலையைக் கணிக்கும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் எச்சரிக்கை வெளியிடுகிறது. ஒவ்வொரு காலையும் பார்த்துவிட்டு, எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் கடற்கரையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விருந்தாளி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கரையில் மீனவர் ஒருவர் “இன்னைக்கு இறங்காதீங்க” என்றால் அதுவே கடைசி வார்த்தை.

8. ஒரு சனிக்கிழமை நடத்திப் பாருங்கள்

எல்லாம் தயாரானபின், இடங்களைக் கோத்த ஒரே ஒரு மாலை, ஒரே ஒரு ரகப் பயணி, ஒரு சனிக்கிழமை. முதலில் நீங்களே வீட்டிலுள்ள வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த வழியில் போய்வாருங்கள். எங்கே உட்காரத் தேடுகிறார், எங்கே “போதும்டா” என்கிறார் என்று குறியுங்கள். டவுன் பஸ்ஸிலும் ஒருமுறை போங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது வெளியூர்ப் பெண்கள் பலருக்குத் தெரியாது; கடைசிப் பஸ் நேரத்தோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் கார் இல்லாதவரும் வருவார்.

விருந்தாளிகள் வந்துபோனபின் அவர்கள் செலவழித்த ஆயிரம் ரூபாயைப் பின்தொடருங்கள். வண்டி வாடகையில் எவ்வளவு இந்த மாவட்டத்தில் தங்கியது, சாப்பாட்டில் எவ்வளவு, வெளியூர் நிறுவனத்துக்குப் புக்கிங் கமிஷனாக எவ்வளவு போனது, ஊர்ப் பெண்கள் கைக்கு எவ்வளவு வந்தது என்று தாளில் பிரித்து எழுதுங்கள். அன்றைக்குச் சேர்ந்த குப்பையையும் ஒரு சாக்கில் கட்டி எடை போடுங்கள். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் சாக்கில் என்ன வந்தது என்று பாருங்கள். தண்ணீர் பாட்டில்தான் முக்கால் சாக்கு என்றால், அடுத்த வாரம் பானையும் டம்ளரும் வைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள்.

காகித வேலை கொஞ்சம் உண்டு. ஹோம்ஸ்டேயைச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும். வட்டக்கோட்டையும் சிதறாலும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பவை. அனுமதியில்லாமல் அங்கே பலகைகூட நடாதீர்கள்.

எண்ணும் வேலையைக் கார்த்திகைக்கு முன் ஒருமுறை, தைக்குப் பின் ஒருமுறை, மே விடுமுறையில் ஒருமுறை என்று தொடருங்கள். புதிதாக ஆள் வரத்தொடங்கிய இடத்தில் கழிப்பறைக் கணக்கு மீறுவதைக் கண்டால், அந்த வாரமே ஸ்டாண்டில் அண்ணாச்சிமாரிடம் சொல்லி வண்டிகளைப் பக்கத்து இடத்துக்குத் திருப்பிவிடுங்கள்.